மாடி ரூமுக்கு ஓடா, ஷிங்கிள்ஸா?

நீங்கள் குடியிருக்கும் ரூமின் கூரை காற்றில் பிய்த்துக்கொண்டு போனால் உங்களுக்கு சந்தோஷம் வருமா?

முத்துகிருஷ்ணனுக்கு வந்தது. கூரை போன அன்றைக்கே வரவில்லை. அன்றைக்குக் கட்டிலுக்கு அடியில் படுத்துக்கொண்டு ஊரில் இருக்கிற எல்லா சாமியையும் கூப்பிட்டான். சந்தோஷம் வந்தது மூன்றாம் நாள் காலையில்.

ராயப்பேட்டையில் ஒரு பழைய வீடு. கீழே ஷாஹுல் ஹமீது பாயின் புக் பைண்டிங் கடை. முதல் மாடியில் பாயும் அவர் மனைவி ஜைதூன் பீயும். மகள் வஜீஹாவை ஆம்பூரில் கட்டிக்கொடுத்து ஆறு வருஷம் ஆகிறது. மொட்டை மாடியில் நாலு சுவர் எழுப்பி, ஆஸ்பெஸ்டாஸ் ஷீட் போட்டு ஒரு ரூம். அந்த ரூமில்தான் ரெண்டு வருஷமாக முத்துகிருஷ்ணன் குடியிருந்தான். ஊர் சாத்தான்குளம் பக்கம். வயது முப்பத்தொன்று. தி.நகரில் ஒரு பெரிய ஜவுளிக்கடையில் பட்டு செக்‌ஷன்.

ஐப்பசிக் கடைசியில் ஒரு மத்தியானம் அடித்த புயலில் ஆறு ஷீட்டும் போய்விட்டன. ஒன்று எதிர்வீட்டுத் தண்ணி டாங்க்கில் செருகிக்கொண்டு நின்றது. மற்ற அஞ்சும் எங்கே போனதென்று யாருக்கும் தெரியாது. பாய் லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு மழையில் ஏறி வந்தார்.

"இன்னா தம்பி, உயிரோட கீறியா?"

"இருக்கேன் பாய்."

"அப்போ எயுந்து வா. கூரை போடுற வரிக்கும் நீ எங்க மெஹ்மான். ஹால்ல படுத்துக்க."

மெஹ்மான் என்றால் விருந்தாளி. அந்த வீட்டில் விருந்தாளிக்கு முன்னால் வீட்டுக்காரர் கை நனைக்கமாட்டார். முதல் ரெண்டு நாள் முத்துகிருஷ்ணன் கூச்சத்தில் சரியாகச் சாப்பிடவில்லை. மூன்றாம் நாள் காலையில் கண் விழித்தபோது தலைமாட்டில் ஒரு டம்ளர் டீ இருந்தது. ஈ விழாமல் மேலே ஒரு சாஸரும் கவிழ்த்து வைத்திருந்தது.

அவன் அந்த டம்ளரையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு படுத்திருந்தான்.

ஜவுளிக்கடை ஹாஸ்டலில் ஒன்பது வருஷம் இருந்தான். ஒரு ஹாலில் இருபத்து நாலு பேர். அத்தனை பேரில் ஒருத்தன்கூட இன்னொருத்தனுக்கு டீ வைத்ததில்லை. அப்புறம் சம்பளம் ஏறியதும் தனி ரூம் வேண்டும் என்று இந்த மொட்டை மாடிக்கு வந்தான். தனி ரூம் என்றால் என்ன என்று வந்த பிறகுதான் புரிந்தது. ராத்திரி எத்தனை மணிக்கு வந்தாலும் பூட்டுதான் முதலில் பேசும்.

கீழே வந்தபிறகு, "இன்னிக்கு லேட்டா பேட்டா?" என்று ஜைதூன் பீ கேட்டார். பேட்டா என்றால் மகன். அதை அவன் எவ்வளவு விரும்பினான் என்றால், பத்து நிமிஷம் தெருமுனையில் சும்மா நின்றுவிட்டு லேட்டாகவே வர ஆரம்பித்தான்.

ஆக, கூரை போட்டால் மேலே போகவேண்டும். கூரை போடாமல் இருந்தால் கீழேயே இருக்கலாம். விஷயம் அவ்வளவுதான்.

இதை வாயைத் திறந்து கேட்டிருக்கலாமே என்று நீங்கள் சொல்லலாம். விருந்தாளியாக வந்தவன், நான் இங்கேயே இருந்துக்கிடுதேன் என்று எந்த முகத்தோடு கேட்பான்? அவன் ஊர்ப் பக்கம் அப்படிக் கேட்டவனுக்கு அதையே பட்டப்பெயராக வைத்துவிடுவார்கள். பேரன் காலம் வரைக்கும் போகாது.

ஒரு வெள்ளிக்கிழமை காலை. இடியாப்பம்.

"தம்பி, முடிவு பண்ட்டேன்," என்றார் பாய்.

"இன்னாத்த முடிவு பண்ணீங்க?" என்றார் ஜைதூன் பீ, சமையல்கட்டிலிருந்து.

"மாடிக்கு ஓடு. மங்களூர் ஓடு. வெய்யில்ல சும்மா ஜில்லுனு இருக்கும். பொன்ராஜ்கிட்ட பேசிக்கினு கீறேன்."

அந்த ஏரியாவில் கூரை வேலை என்றால் பொன்ராஜ்தான். ஷெட்டோ ஓடோ பந்தலோ, எதுவானாலும் அவர் ஆட்களோடு வந்து இறங்கினால் ஒரே நாளில் முடித்துவிடுவார் என்று பேர்.

முத்துகிருஷ்ணன் பிய்த்த இடியாப்பத்தைத் திரும்பத் தட்டிலேயே வைத்தான்.

வேறு வழி எதுவும் அப்போதைக்கு இல்லை. ஆஸ்பெஸ்டாஸ் நெஞ்சுக்கு ஆகாது என்று ஜைதூன் பீ ஒரே பிடியாக நின்றார். தகரம் போட்டால் வெயிலில் உள்ளே இருக்கிறவன் வெந்துவிடுவான். கான்கிரீட் போட ஒரு இஞ்சினியரைக் கூட்டி வந்தார்கள். அவர் பழைய சுவரைத் தட்டிப் பார்த்துவிட்டு, "மாடியில துணி காயப்போடுறதே ஜாஸ்தி சார்" என்று சொல்லிவிட்டு இறங்கிப் போய்விட்டார். பாக்கி இருந்தது ஓடுதான்.

முத்துகிருஷ்ணனுக்குத் தெரிந்த வித்தை ஒன்றே ஒன்று. கஸ்டமரைப் புடவை வாங்க வைக்கிறது. அந்த வித்தை தெரிந்தவனுக்கு, வாங்காமல் போக வைக்கிறதும் தெரியும். கஸ்டமர் ஒரு புடவையைக் கையில் பிடித்துவிட்டால், வாயை மூடிக்கொண்டு பில் போடவேண்டும். அந்த நேரத்தில் இன்னும் பத்து எடுத்துப் போட்டால் அவ்வளவுதான், குழம்பிப்போய், வீட்டுக்காரரைக் கூட்டிக்கிட்டு வர்றேன் என்று எழுந்து போய்விடுவார்கள்.

"ஓடு நல்ல சரக்குதான் பாய்," என்றான் மெதுவாக. "ஆனா காத்துக்கு?"

"காத்துக்கு இன்னா?"

"ஓடு ஒண்ணொண்ணும் தனித்தனிலா. ஒண்ணு மேல ஒண்ணு சும்மா உக்காந்திருக்கும். ஓரத்துல ஒண்ண காத்து தூக்கிட்டுன்னா, பொறவு வரிசையா கெளம்பிரும்."

பாய் கையில் இடியாப்பத்தோடு யோசித்தார். "கரெக்டு. தையல் போடாத புக்கு மாரி. ஒரு பேப்பர் கயண்டுச்சினா அல்லாம் வந்துரும்."

"அதான் பாய். இப்ப ஷிங்கிள்ஸ்னு ஒண்ணு வருது. தார் அட்டை மாதிரி. அடியில பலகை போட்டு, அது மேல ஆணி அடிச்சு, ஒண்ணோட ஒண்ணு ஒட்டிருவாங்க."

"கம் பைண்டிங்கு!" என்றார் பாய். முகம் பிரகாசமானது.

"அதையும் ஒரு எட்டு பாத்துட்டு முடிவு பண்ணலாமே. என்ன அவசரம்?"

"அதான, இன்னா அவசரம்," என்றார் பாய் உடனே.

முத்துகிருஷ்ணன் நிம்மதியாக இன்னும் ரெண்டு இடியாப்பம் வாங்கிக்கொண்டு கடைக்குப் போனான். சாயங்காலம் திரும்பி வந்தபோது மொட்டை மாடியில் முந்நூறு ஓடு அடுக்கியிருந்தது.

"என்ன பாய் இது?"

"முந்தாநேத்தே சொல்லி வெச்சிட்டேன் தம்பி. வண்டியில ஏத்திட்டானாம். திருப்பி அனுப்ப முடியல. கெடக்கட்டும். நாம ஷிங்கிள்ஸ பாப்போம்."

முத்துகிருஷ்ணனுக்கு ஒரு விஷயம் புரிந்தது. இவர் முதலில் வாங்கிவிட்டு அப்புறம் பார்க்கிற கஸ்டமர். இப்படிப்பட்ட ஆளை அவன் செக்‌ஷனில் பார்த்ததே இல்லை.

புதன்கிழமை அவனுக்கு வார லீவு. பாய் அவனை ஸ்கூட்டர் பின்னால் உட்காரவைத்து அடையாறுக்குக் கூட்டிப் போனார். ராமானுஜம் என்று ஒரு ரிட்டையர்ட் ஆசாமி. வருஷா வருஷம் பழைய பஞ்சாங்கங்களை பாயிடம் கொடுத்து பைண்ட் பண்ணி வைத்துக்கொள்கிறவர். அவர் வீட்டு மாடியில் ஷிங்கிள்ஸ் போட்டிருக்கிறது.

"வாங்கோ பாய்! பஞ்சாங்கம் ரெடியா?"

"அதுக்கு வரல சார். உங்க கூரைய பாக்கோணும்."

"என் கூரையையா? இதுவரைக்கும் யாரும் கேட்டதில்லையே!" ராமானுஜத்துக்கு அப்படியே ஒரு குஷி. பெண் பார்க்க வந்தவர்களை அழைத்துப் போகிற மாதிரி மாடிக்கு அழைத்துப் போனார். "நன்னா பாருங்கோ. போன புயல்ல பக்கத்தாத்து தகரமெல்லாம் பறந்துண்டு போச்சு. இது ஒரு இம்மி அசையலை. மழை பேஞ்சா சத்தமே கேக்காது. நான் பாட்டுக்குத் தூங்கிண்டிருந்தேன்."

பாய் ஷிங்கிள்ஸைத் தடவிப் பார்த்தார். புத்தக அட்டைக்குப் போடுகிற காலிகோ துணியைத் தடவுகிற மாதிரி. முத்துகிருஷ்ணன் அந்தக் கையையே பார்த்தான். கை போய்விட்டால் மனசும் போய்விட்டது என்று அர்த்தம். அது கடையில் அவன் தினமும் பார்க்கிறது.

"சத்தமே கேக்காதா சார்?" என்றான்.

"துளிக்கூட கேக்காது."

"ஒண்ணுமேவா?"

"அம்பி, நான் பொய் சொல்லுவேனா?"

போதும். வீட்டுக்கு வந்ததும் முத்துகிருஷ்ணன் நேராக சமையல்கட்டு வாசலில் போய் நின்றான். "அம்மா, ஷிங்கிள்ஸ் போட்டா மழை பேயறது காதுல விழவே விழாதாம்."

ஜைதூன் பீ கரண்டியைக் கீழே வைத்தார். "க்யா? அப்போ மழை வந்தா எனக்கு எப்டி தெரியும்? கொடியில துணி கெடக்கும். மேல தடதடன்னு கேட்டாதான் நான் ஓடுவேன். வாணாம் ஜி, அந்த ஊமைக் கூரை வாணாம்!"

பாய் ஸ்கூட்டர் சாவியை ஆணியில் மாட்டிக்கொண்டு மெதுவாகச் சொன்னார். "நந்தனம் சிக்னல்ல நிக்கும்போதே ஷிங்கிள்ஸு கடைக்கு மெசேஜ் போட்டுட்டேனே."

மறுவாரம் ஷிங்கிள்ஸ் ஏழு கட்டு வந்து இறங்கியது. வெயில் படக்கூடாது, மழை படக்கூடாது என்று அட்டையில் எழுதியிருந்ததால் ஹாலில், சுவர் ஓரமாக, முத்துகிருஷ்ணன் படுக்கிற இடத்துக்குப் பக்கத்தில் அடுக்கினார்கள். தார் வாசனை. கனவில் எல்லாம் ரோடு போட்டார்கள்.

ஒரு கூரைக்கு ரெண்டு சரக்கு. கடையில் ஒரு அம்மா ரெண்டு பட்டுப்புடவை வாங்கினால் கல்யாணத்துக்கு ஒன்று, ரிசப்ஷனுக்கு ஒன்று என்று கட்டிக்கொள்வாள். கூரை அப்படிக் கட்டுகிற விஷயம் இல்லையே.

ஆனால் ஒன்று சொல்லவேண்டும். அந்த நாட்கள் நன்றாகவே போயின. தினமும் சாப்பிடுகிறபோது இதே பேச்சுதான். பாய் ஓடு பக்கம் பேசினால் முத்துகிருஷ்ணன் ஷிங்கிள்ஸ் பக்கம் பேசுவான். பாய் கட்சி மாறினால் அவனும் மாறுவான்.

"ஓடு ஒண்ணு ஒடஞ்சா ஒண்ண மட்டும் மாத்திக்கலாம் பாய். ஷிங்கிள்ஸ பிய்ச்சா பக்கத்துல உள்ளதும் சேந்து வரும்."

"நேத்து நீதான ஷிங்கிள்ஸு சூப்பருன்ன?"

"நேத்து சொன்னது நேத்து."

"பாத்தியாடி! இவன் வக்கீலுக்கு படிச்சிருக்கணும், பொடவ விக்கிறான்."

ஒரு நாள் பொன்ராஜே போனில் சொன்னார். ஷிங்கிள்ஸ் அடியில் ஒரு பசை உண்டு, நல்ல வெயில் நாலு நாள் அடித்தால்தான் அது உருகி ஒட்டும், கார்த்திகை மாசத்தில் வெயிலுக்கு எங்கே போகிறது என்று. முத்துகிருஷ்ணன் அன்றைக்கு ஒரு பாக்கெட் பாதுஷா வாங்கி வந்தான். எதற்கு என்று கேட்டதற்கு, கடையில் சேல்ஸ் ஜாஸ்தி என்றான்.

இன்னொரு நாள் ஜைதூன் பீ ஷிங்கிள்ஸ் கட்டைப் பிரித்துப் பார்த்துவிட்டு, "இன்னா இது, மய்யத்து வியுந்த வூட்டு கலர் மாரி! பச்சை கெடைக்காதா?" என்றார். பச்சை வர பத்து நாள் ஆகும் என்றார்கள். "பரவால்ல, பத்து நாள்தான," என்றார் பாய். முத்துகிருஷ்ணனும் பரவாயில்லை என்றான். பத்து நாள் கழித்து, பச்சையே வருவதில்லை என்று சொல்லிவிட்டார்கள். அதற்கும் யாரும் கோபப்படவில்லை.

இப்படி நாற்பது நாள் ஓடியது. அந்தமான் பக்கம் காற்றழுத்தத் தாழ்வு வந்து கெடுத்தது.

முதலில் அது வெறும் தாழ்வுதான். மறுநாள் மண்டலம் ஆனது. அதற்கடுத்த நாள், புயலாக மாறி நாலு நாளில் கரையைக் கடக்கும், எங்கே என்று சொல்லமுடியாது, சென்னையாகவும் இருக்கலாம் என்றார்கள். ஜவுளிக்கடையில் கூட்டம் இல்லை. பாதிப் பேரை மத்தியானமே அனுப்பிவிட்டார்கள். முத்துகிருஷ்ணன் வீட்டுக்கு வந்தபோது பாய் மொட்டை மாடியைப் பார்த்துக்கொண்டு படியில் நின்றிருந்தார்.

"தம்பி, மேல முந்நூறு ஓடு சும்மா கெடக்குது. காத்து அடிச்சா அல்லாம் தட்டு மாரி பறக்கும். ராயப்பேட்டையே காலி."

"கீழ எறக்கிருவோம் பாய்."

சொன்ன பிறகுதான், எறக்குகிற ஆள் தான்தான் என்று தெரிந்தது. பாய்க்கு முழங்கால் வலி. ஒரு நடைக்கு அஞ்சு ஓடு. அறுபது நடை. முப்பதாவது நடையில் முத்துகிருஷ்ணனுக்கு ஓட்டின் மேல் உண்மையாகவே வெறுப்பு வந்துவிட்டது. அதுவரைக்கும் அவன் பேசியதெல்லாம் பேச்சுக்குத்தான்.

ஓட்டை எங்கே வைப்பது? பைண்டிங் கடையில் ஸ்கூல் நோட்டு மலை மாதிரி கிடக்கிறது. வஜீஹா ரூமில் பேப்பர் ரீம். மிச்சம் ஹால்தான். ஒரு சுவர் ஓரம் ஷிங்கிள்ஸ், எதிர்ச் சுவர் ஓரம் ஓடு. நடுவில் ஒரு பாய் விரிக்கிற அளவுக்கு ஒரு சந்து.

முத்துகிருஷ்ணன் பாயை விரித்து, இடம் சரியாக இருக்கிறதா என்று படுத்துப் பார்த்தான்.

ஜைதூன் பீ வந்து தலைமாட்டில் நின்று குனிந்து பார்த்தார். "யா அல்லா. கப்ருல கூட இத விட எடம் தருவாங்க பேட்டா."

"சௌகரியமா இருக்கும்மா."

"சும்மா சொல்லாத. உன் காலு ஃப்ரிட்ஜுக்கு அடியில கீது," என்றார் பாய்.

"ஃப்ரிட்ஜ் அடியில கதகதப்பா இருக்கு பாய். மழைக்காலத்துக்கு இதமா இருக்கும்."

"பெரளவாவது முடியுதா?"

"ஏன் முடியாது? தாராளமா முடியும். இந்தா பாருங்க."

பார்க்கச் சொல்லிவிட்டு, காலை மடக்கி வெளியே இழுத்துக்கொண்டு புரண்டான். முழங்கை ஓட்டு அடுக்கில் பட்டது. மேல் வரிசை ஒரு நொடி யோசித்தது. அப்புறம் நாலு ஓடு இறங்கியது. மூன்று தரையில் விழுந்து உடைந்தது. ஒன்று அவன் காலில் விழுந்தது, உடையவில்லை.

ஜைதூன் பீ போட்ட சத்தத்தில் கீழே பைண்டிங் மிஷினே நின்றுபோனது. மஞ்சள் வந்தது. ஐஸ் வந்தது. கட்டை விரல் பெரிசாகிக்கொண்டே போனது.

"இன்னிக்கு கால்ல வியுந்துச்சு. நாளிக்கு தலைல வியுந்தா?" பாய் ஹாலில் நடக்க முயன்றார். நடக்க இடமில்லை. நின்ற இடத்திலேயே கோபப்பட்டார். "மெஹ்மான கூட்டி வந்து இப்டி படுக்கப் போட்டா, நாளிக்கு நான் அல்லாகிட்ட இன்னா பதில் சொல்றது? போதும். ஓடோ, ஷிங்கிள்ஸோ. புயலுக்கு முன்னாடி கூரை ஏறணும். பொன்ராஜுக்கு போன் போடறேன்."

"பாய், கால் வலிக்கவே இல்ல..."

"வாய மூடு."

போனை ஸ்பீக்கரில் போட்டார். மணி நாலு.

"பொன்ராஜு, ஓடும் கீது, ஷிங்கிள்ஸும் கீது. எத்த போடறது? ஒரே வார்த்தையில சொல்லு."

"ரெண்டும் கீதுல்ல? ரெண்டையும் போட்டுரலாம் பாய்," என்றார் பொன்ராஜ்.

"ரெண்டையுமா?"

"காத்து வர்றது கடல் சைடு. அந்த எறக்கத்துக்கு ஷிங்கிள்ஸ். வெய்யில பாத்தெல்லாம் நிக்க வாணாம், ஆணிய நெருக்கமா அடிச்சு, கைல பசை வெச்சு ஒட்டிர்றேன். இந்தாண்ட எறக்கத்துக்கு ஓடு. ஒவ்வொண்ணுக்கும் ஸ்க்ரூ போட்டு கம்பியில கட்டிர்றேன். ஒரு பக்கம் மழை சத்தமும் கேக்கும், ஒரு பக்கம் கேக்காது. காலைல ஏழு மணிக்கு ஆளோட வரேன். சாங்காலம் தம்பி மேல போய் படுத்துக்கலாம்."

பாய் போனை அணைத்தார்.

ஓட்டுக்குச் சொன்ன குறைக்கும் பதில் வந்துவிட்டது, ஷிங்கிள்ஸுக்குச் சொன்ன குறைக்கும் பதில் வந்துவிட்டது.

"நல்ல ரோசனை," என்றார் பாய். துக்க வீட்டில் பேசுகிற குரல்.

"சரி," என்றார் ஜைதூன் பீ. ஐஸ் கட்டியை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார். உள்ளே பாத்திரம் கழுவுகிற சத்தம் கேட்டது. கழுவுகிறதுக்கு பாத்திரம் இருந்த மாதிரி தெரியவில்லை.

"ரொம்ப சந்தோஷம் பாய்," என்றான் முத்துகிருஷ்ணன்.

"ஆமா. உனுக்கும் உன் எடம் வேணும்ல," என்றார் பாய். சட்டையைப் போட்டுக்கொண்டு கடைக்கு இறங்கினார்.

கொஞ்ச நேரம் முத்துகிருஷ்ணன் ஹாலில் தனியாக உட்கார்ந்திருந்தான். ஓட்டை எண்ணிப் பார்த்தான். அப்புறம் ஒரு காலை நொண்டிக்கொண்டு படியிறங்கி, மருந்து வாங்கி வருகிறேன் என்று சொல்லிவிட்டு வெளியே வந்தான்.

தூறல் ஆரம்பித்திருந்தது. கவர்ன்மெண்ட் ஆஸ்பத்திரி சுவர் ஓரமாகச் சாப்பாட்டுத் தூக்கோடு நாலைந்து பேர் நனைந்துகொண்டு நின்றார்கள். உள்ளே யாருக்கோ கொண்டு வந்திருக்கிறார்கள். அவனுக்கு ஆஸ்பத்திரியில் படுத்திருக்கிற அந்த ஆளின் மேல் பொறாமை வந்தது. சீ, இது என்ன புத்தி என்று தன்னையே திட்டிக்கொண்டான்.

நடந்துகொண்டே யோசித்தான். ஒரு நாளைக்கு எத்தனை பேரிடம் பேசுகிறோம். இந்த பார்டர் எடுப்பா இருக்கும், இந்தக் கலர் உங்களுக்குப் பொருத்தமா இருக்கும் என்று வாய் ஓயாமல் சொல்கிறோம். எதை வேண்டுமானாலும் எவர் தலையிலும் கட்டமுடிகிறது. நான் உங்களோடவே இருந்துக்கிடுதேன் என்று ஒரு வரி சொல்ல வாய் வரவில்லை. சொல்லி, பாய் ஒரு நிமிஷம் தயங்கினால்? அந்த ஒரு நிமிஷத்தைப் பார்த்த பிறகு எப்படி அந்த வீட்டில் குடியிருக்கிறது? அதற்கு மொட்டை மாடியே மேல்.

ஆனாலும் கால் பொன்ராஜ் வீடு இருக்கிற மீர்சாகிப்பேட்டை மார்க்கெட் பக்கம்தான் போனது. வழியில் அரை கிலோ மிக்சர் வாங்கிக்கொண்டான்.

பொன்ராஜ் வீட்டு வாசலில் உட்கார்ந்து கம்பியை ஒரே அளவாக வெட்டிக்கொண்டிருந்தார். பக்கத்தில் ஸ்க்ரூ டப்பா. எல்லாம் நாளைக்குத்தான்.

"வா தம்பி. காலுக்கு இன்னா ஆச்சு?"

"ஒண்ணுமில்ல அண்ணாச்சி. ஓடு விழுந்துட்டு." மிக்சர் பொட்டலத்தை நீட்டினான். "நாளைக்கு மழை வருமோ?"

"வந்தா வரட்டும். தார்ப்பாய் கீது."

"வேற எங்கயும் வேலை இருக்கா? புயல் நேரம்லா. எல்லாரும் ஒங்களத்தான் தேடுவாங்க."

"உங்க வூட்டு வேலதான் மொதல்ல. பாய் எனுக்கு வேண்டியவரு."

"ஒங்களுக்கு ஒடம்பு எப்படி இருக்கு?"

"நல்லாதான் கீது. ஏன்?"

"காலையில சரியில்லாம போகலாம்லா? சொல்ல முடியாதுலா. காய்ச்சல் எல்லா எடத்துலயும் இருக்கு."

பொன்ராஜ் கம்பியையும் கட்டரையும் கீழே வைத்துவிட்டு அவனை நிமிர்ந்து பார்த்தார். முத்துகிருஷ்ணன் ஸ்க்ரூ டப்பாவைப் பார்த்துக்கொண்டே கடகடவென்று சொன்னான்.

"அண்ணாச்சி, நாளைக்கு வராதீங்க. புயல் போகட்டும். பொறவும் ஒடனே வரவேண்டாம். மெள்ள வாங்க. தையில வாங்க. ஏன்னு மட்டும் கேக்காதீங்க. பாய்க்கும் அம்மாவுக்கும் இது தெரியவே கூடாது."

பொன்ராஜ் கையை லுங்கியில் துடைத்தார். மிக்சர் பொட்டலத்தைப் பிரித்து, ஒரு பிடி எடுத்து வாயில் போட்டுக்கொண்டார். வெட்டி வைத்த கம்பியை எல்லாம் கட்டாகக் கட்டி வாசப்படி ஓரம் தள்ளி வைத்தார்.

"நாலரைக்கு பாய் கடையிலேர்ந்து போன் போட்டாரு, அஞ்சு மணிக்கு அந்தம்மா வூட்லேர்ந்து போட்டாங்க," என்றார் மென்றுகொண்டே. "யாருக்கும் தெரியக்கூடாது, நாளிக்கு வராதேன்னு சொல்றதுல நீ மூணாவது ஆளு, நைனா."

மறுநாள் காலை ஏழு மணிக்கு பொன்ராஜ் வரவில்லை. எட்டு மணி வரைக்கும் வாசலைப் பார்த்துவிட்டு, மூன்று பேரும் சேர்ந்து உட்கார்ந்து அவரைத் திட்டினார்கள்.